வளர்ச்சியின் படிகளும் வாழ்வின் பாடங்களும்

ஒரு வீட்டில் மாலை நேரம். தாய் தன் இரு பிள்ளைகளுக்கும் ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் பால் ஊற்றினாள். இளையவனுக்கு நான்கு வயது. அவனுடைய பால் சூடாக இருந்ததால் அதை அகன்ற டவராவில் மாற்றிக் கொடுத்தாள். உடனே அவன் அழத் தொடங்கினான். “எனக்குக் கொஞ்சம்தான் இருக்கு, அண்ணனுக்கு நிறைய இருக்கு” என்றான். தாய் அதே பாலை மீண்டும் டம்ளரில் ஊற்றிக் காட்டினாள். அழுகை நின்றது. மறுபடியும் டவராவுக்கு மாற்றியதும் அழுகை திரும்பியது. எட்டு வயது மூத்தவன் கைகொட்டிச் சிரித்தான். “என்ன பேராசை, என்ன பிடிவாதம்!” என்று கடிந்துகொண்ட தாய், பொறுமை இழந்து இளையவனின் முதுகில் ஓர் அடியும் வைத்தாள்.

அந்தத் தாய் ஒரு பள்ளி ஆசிரியை. பி.எட். தேர்வில் பியாஜேயின் அறிவு வளர்ச்சிக் கோட்பாட்டைப் பற்றிய வினாவுக்குச் சிறப்பாக விடை எழுதியவள். நீரை ஒரு பாத்திரத்திலிருந்து வேறு வடிவமுள்ள பாத்திரத்திற்கு மாற்றினால், ஏறத்தாழ ஏழு வயதுக்கு முற்பட்ட குழந்தை நீரின் அளவே மாறிவிட்டதாக எண்ணும் என்பது அவ்விடையில் அவள் எழுதிய முதல் எடுத்துக்காட்டு. ஆனால் அதே எடுத்துக்காட்டு தன் சமையலறையில், தன் மகனின் கண்ணீராக வந்து நின்றபோது அவளால் அதை அடையாளம் காண இயலவில்லை.

கற்றது ஓரிடத்திலும் வாழ்வது வேறோரிடத்திலும் இருப்பது இந்தத் தாய்க்கு மட்டும் உரிய குறையன்று. மனித வளர்ச்சியைப் பற்றிய கோட்பாடுகள் அன்றாட அனுபவத்தோடு எவ்வாறு தொடர்பு கொள்கின்றன, அத்தொடர்பு எங்கே அறுந்துபோகிறது என்பதைச் சிந்திப்பது ஆன்மிக சாதகருக்கும் பயன் தரும்.

கோட்பாடு பிறக்கும் இடம்

வளர்ச்சிக் கோட்பாடுகள் நூலகத்தில் பிறந்தவை அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) தொடக்கத்தில் நத்தை முதலிய மெல்லுடலிகளை ஆராய்ந்த உயிரியலாளர். பின்னர் தம் சொந்தக் குழந்தைகள் மூவரையும் அவர்கள் பிறந்த நாள்தொட்டுக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். துணியால் மூடிய பொம்மையைக் குழந்தை தேடுகிறதா, இல்லையா என்பது போன்ற மிகச் சிறிய செய்திகளிலிருந்தே அவருடைய பெரிய கோட்பாடு உருவாயிற்று. குழந்தை என்பது குறைந்த அறிவுடைய பெரியவர் அன்று. அது உலகை வேறு விதமாகவே காண்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

தமிழ் மரபும் இத்தகைய கவனிப்பை அறிந்ததே. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வாழ்வைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகளைச் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடை இட்டு வருமாறு அழைப்பது வாருகை. தொட்டிலருகே அமர்ந்து நாள்தோறும் பார்த்தவர்களுக்கே இந்தப் பகுப்பு தோன்றியிருக்கும். பாரதநாட்டின் ஆசிரம தர்மமோ மாணவப் பருவம், இல்லறம், வானப்பிரஸ்தம், துறவு என்று முழு வாழ்வையும் நான்கு கடமைகளாக வகுத்தது.

ஆகவே கோட்பாடு என்பது பலருடைய அனுபவங்களைச் சேர்த்துச் சுருக்கிய ஒரு வரைபடம். வரைபடம் ஊரன்று, எனினும் அது வழி காட்டும். ஆனால் கையில் வரைபடம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் ஊர்போய்ச் சேர்ந்துவிடுவதில்லை.

தன் காயத்திலிருந்து பிறந்த கேள்வி

மனித வாழ்வு முழுவதையும் எட்டுப் பருவங்களாகக் கண்டவர் எரிக் எரிக்சன். அவர் 1902-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண்மணி. தம்மைப் பெற்ற தந்தை யார் என்பதை எரிக்சன் கடைசிவரை அறியவில்லை. தாய் பின்னர் ஒரு குழந்தை மருத்துவரை மணந்துகொண்டார். சிறுவன் அவரையே சொந்தத் தந்தை என்று நம்பி வளர்க்கப்பட்டான். நெடிய உருவமும் பொன்னிற முடியும் கொண்ட அச்சிறுவனை யூத ஆலயத்தில் அயலான் என்றார்கள். பள்ளியிலோ யூதன் என்றார்கள்.

‘நான் யார்?’ என்ற கேள்வி அவருக்குத் தத்துவப் பாடமாக வரவில்லை. ஒவ்வொரு நாளின் வலியாகவே வந்தது. இளமையில் ஓவியராகத் திரிந்தார். 1927-இல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார். 1933-இல் அமெரிக்காவில் குடியேறினார். 1939-இல் அந்நாட்டின் குடியுரிமை பெற்றபோது, ‘எரிக்கின் மகன்’ என்று பொருள்படும் எரிக்சன் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத அவர் பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லைப் பரவச் செய்தவர் அவரே. தன் காயத்தை மறைக்காமல் ஆராய்ந்த ஒருவரால் பிறர் காயத்தையும் புரிந்துகொள்ள முடிந்தது.

எட்டுப் பருவங்கள்

1950-இல் வெளியான ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்ற நூலில் எரிக்சன் தம் பகுப்பை விளக்கினார். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு ஆற்றல்கள் எதிரெதிரே நிற்கின்றன. அந்தப் போராட்டம் நல்ல முறையில் தீரும்போது ஒரு நற்பண்பு மலர்கிறது.

பால்குடிப் பருவத்தில் குழந்தை உலகை நம்பலாமா, கூடாதா என்பதைக் கற்கிறது. அழுதால் யாரோ வருகிறார்கள் என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது எதிர்நோக்கு என்னும் பண்பு வேர்விடுகிறது. நடக்கத் தொடங்கியதும் ‘நானே’ என்ற தன்னாட்சி எழுகிறது; அதை ஏளனம் செய்தால் நாணமும் ஐயமும் தங்கிவிடும். அடுத்து, விளையாட்டுப் பருவத்தில் முன்முயற்சிக்கும் குற்ற உணர்வுக்கும், பள்ளிப் பருவத்தில் உழைப்பூக்கத்திற்கும் தாழ்வுணர்வுக்கும் போராட்டம் நடக்கிறது. வளரிளம் பருவத்தில் தன் அடையாளம் பற்றிய குழப்பம் எழுகிறது. இளமையில் பிறரோடு நெருங்குவதா, தனித்து ஒதுங்குவதா என்பது கேள்வி. நடுவயதில், அடுத்த தலைமுறையைப் பேணி வளர்ப்பதா, தன்னுள்ளேயே தேங்கிக் கிடப்பதா என்பது கேள்வி. முதுமையில், வாழ்ந்த வாழ்வை இதுவே என் வாழ்வு என்று நிறைவோடு ஏற்பதா, வீணாயிற்றே என்று மனம் கசப்பதா என்பது கேள்வி. அங்கே மலரும் பண்பு ஞானம்.

இவற்றைப் படிப்பவர் பலர் ஒரு தவறான எண்ணத்திற்கு ஆளாகின்றனர். பள்ளியில் வகுப்புத் தேறுவது போல, ஒரு பருவத்தை முடித்துவிட்டால் அது கடந்த கதை என்று நினைக்கின்றனர். எரிக்சன் அவ்வாறு கூறவில்லை. ஒவ்வொரு போராட்டமும் வேறு உருவில் வாழ்நாள் முழுதும் திரும்ப வரும் என்றார். அவநம்பிக்கை அறவே இல்லாத மனிதரும் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. தீயைத் தொடலாமா என்று ஐயுறுவதும் வாழ்வுக்குத் தேவையே. இரண்டில் எது மிகுந்து நிற்கிறது என்பதே பொருட்டு.

இந்த விளக்கத்தோடு அன்றாட வாழ்வைப் பார்த்தால் பல காட்சிகள் தெளிவு பெறும். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், முதல் மாதத்திலேயே வீட்டாரிடம் எரிந்து விழுகிறார். தொலைபேசி ஒலிப்பதில்லை, கையொப்பத்திற்குக் கோப்பு வருவதில்லை. வீட்டார் அதை ‘வயதான கோபம்’ என்கின்றனர். உண்மையில் அவருள் பதினாறு வயதில் எழுந்த ‘நான் யார்?’ என்ற கேள்விதான் அறுபதில் மீண்டும் எழுந்திருக்கிறது. அதே வீட்டில் அவருடைய பேரனும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதே கேள்வியோடு அமர்ந்திருக்கக்கூடும். ஒருவர் மற்றவரைக் குறை கூறுகின்றனர்; இருவருக்கும் வலி ஒன்றே என்பதை இருவரும் அறியார்.

அகமதாபாத்தில் ஒரு சோதனை

1962-இல் மனித வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்துவதற்காக எரிக்சன் அகமதாபாத் நகருக்கு அழைக்கப்பட்டார். அங்கே அவர் கவனத்தை ஈர்த்தது 1918-இல் நடந்த நெசவாலைத் தொழிலாளர் போராட்டம். தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கோரினர். ஆலை உரிமையாளர்கள் 20 விழுக்காட்டுக்கு மேல் இணங்கவில்லை. உரிமையாளர் தரப்பில் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் தரப்பில் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா. போராட்டத்தை வழிநடத்திய காந்தியடிகள், தொழிலாளர் உறுதி தளர்ந்தபோது மார்ச் 15 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றே நாளில் உடன்பாடு ஏற்பட்டது.

அப்போது அவருக்கு வயது 48. எரிக்சனின் கணக்கில் அது ஏழாம் பருவம். பிறரைப் பேணி வளர்க்கும் பருவம். தன் குடும்பம் என்ற எல்லையைக் கடந்து, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தொழிலாளரின் துயரத்தைத் தம் துயரமாக ஏற்ற ஒருவரை எரிக்சன் அங்கே கண்டார். அந்த ஆய்வு ‘காந்தியின் சத்தியம்’ என்ற நூலாக 1969-இல் வெளிவந்து, 1970-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

ஆனால் நூலின் நடுவே எரிக்சன் நின்றுவிடுகிறார். ஆய்வாளருக்குரிய நடையை விட்டு, மறைந்த மகாத்மாவுக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதுவதுபோல் பேசத் தொடங்குகிறார். பகைவனிடமும் அகிம்சை காத்தவர், தம் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் காட்டிய கண்டிப்பில் நுண்ணிய வன்முறை கலந்திருந்ததே என்று கேட்கிறார். மூத்த மகன் ஹரிலால் தந்தையோடு முரண்பட்டுப் பிரிந்ததும், தந்தை மறைந்த அதே 1948-ஆம் ஆண்டில் துயரமான நிலையில் இறந்ததும் வரலாறு. முறையான கல்வி கிடைக்கவில்லையே என்ற மனக்குறை தம் மகன்களுக்கு உண்டு என்பதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு தேசத்துக்கே தந்தையானவருக்கும் ஒரு மகனுக்குத் தந்தையாக இருப்பது கடினமாயிற்று.

கேட்டவரின் வீடு

கேள்வி கேட்ட எரிக்சனின் வீடும் சோதனைக்குத் தப்பவில்லை. 1944-இல் எரிக்சன் தம்பதியருக்கு நான்காவது குழந்தை டவுன் சின்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தது. அக்காலத்தில் இத்தகைய குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டுவிடுமாறு சொல்வதே வழக்கம். அவ்வாறே அக்குழந்தை வீட்டுக்கு வராமல் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டது. மற்றப் பிள்ளைகளிடம், அது பிறந்தபோதே இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. அக்குழந்தையோ இருபது ஆண்டுகள் அளவும் உயிர் வாழ்ந்தது. 1999-இல் வெளிவந்த எரிக்சனின் வாழ்க்கை வரலாற்று நூல் இதை விரிவாகப் பதிவு செய்தது.

தம்மைப் பெற்றவரைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டதால் வாழ்நாளெல்லாம் வருந்தியவர், தம் பிள்ளைகளிடமும் ஓர் உண்மையை மறைத்தார். குழந்தைக்கு முதல் தேவை நம்பிக்கை என்று உலகுக்குக் கற்பித்த நூல் 1950-இல் வந்தபோது, அவருடைய குழந்தைகளுள் ஒன்று காப்பகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

இதைக் கூறுவது ஒரு பேரறிஞரைத் தாழ்த்துவதற்காக அன்று. அவருடைய கோட்பாடு பொய் என்பதற்கும் இது சான்று ஆகாது. துன்பமும் அச்சமும் நெருக்கும் கணத்தில் அறிவு மட்டும் துணைக்கு வருவதில்லை என்பதே இதன் பாடம். வளர்ச்சியைப் பற்றி அறிவது வேறு, வளர்வது வேறு. சமையலறையில் மகனை அடித்த ஆசிரியையும் உலகப் புகழ்பெற்ற பேராசிரியரும் இந்த ஒரு செய்தியில் அருகருகே நிற்கின்றனர். எந்தச் சாதகரும் தம்மை இவர்களிடமிருந்து வேறாக எண்ணிக்கொள்ள இடமில்லை.

அனுபவம் கோட்பாட்டைத் திருத்துகிறது

கோட்பாடு அனுபவத்துக்கு ஒளி தருவது போலவே, அனுபவமும் கோட்பாட்டைத் திருத்துகிறது. அற உணர்வின் வளர்ச்சியை ஆறு நிலைகளாக வகுத்த லாரன்ஸ் கோல்பர்க், தம் முதல் ஆய்வைச் சிறுவர்களிடம் மட்டுமே நடத்தினார். நீதி, உரிமை ஆகியவற்றின் அடிப்படையில் சிந்திப்பதே உயர்நிலை என்ற முடிவுக்கு வந்தார். அவரோடு பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982-இல் எழுதிய நூலில், அக்கறை, உறவு, பொறுப்பு என்ற அடிப்படையில் முடிவெடுக்கும் பெண்களின் குரல் இந்த அளவுகோலில் கேட்கப்படவே இல்லை என்று சுட்டிக்காட்டினார். யாருடைய அனுபவத்திலிருந்து ஓர் அளவுகோல் பிறந்தது என்று கேட்காமல் அதைக் கொண்டு எல்லாரையும் அளப்பது பிழை.

எரிக்சனின் எட்டுப் பருவங்களும் இவ்வாறே திருத்தம் பெற்றன. அவர் 1994-இல் தம் 91-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய மனைவியும் ஆய்வுத் துணைவியுமான ஜோன் எரிக்சன், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் அந்தப் பகுப்பைத் திரும்பிப் பார்த்தார். முதுமையைப் பற்றி நடுவயதில் எழுதியதற்கும், முதுமையில் நேரில் காண்பதற்கும் இடைவெளி இருந்தது. நடை தளர்கிறது, பிறர் உதவியின்றி எழ முடியவில்லை, கண்ணும் காதும் கைவிடுகின்றன. தன் உடலையே நம்ப முடியாதபோது குழந்தைப் பருவத்தின் அவநம்பிக்கை மீண்டும் முன்வந்து நிற்கிறது; தன்னாட்சி போய் நாணம் வருகிறது. எனவே ஒன்பதாவதாக ஒரு பருவம் உண்டு என்று எழுதினார். அது 1997-இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டில் அவரும் காலமானார்.

வயது முதிர்ந்த பெற்றோரைப் பேணும் வீடுகளுக்கு இந்தத் திருத்தம் பெரும் உதவி. குளியலறைக்குத் துணையாக வருவதாகச் சொன்னால் “எனக்கு யாரும் வேண்டாம்” என்று தந்தை சீறுகிறார். மகன் அதை அகந்தை என்று எண்ணுகிறான். அது, இரண்டு வயதில் ‘நானே நடப்பேன்’ என்று கையை உதறிய அதே உயிரின் தன்மானம். அன்று அதைக் கண்டு மகிழ்ந்து, விழாதபடி ஓரடி பின்னே நடந்துவந்தவர்கள் இருந்தார்கள். இன்றும் தேவைப்படுவது அந்த ஓரடி பின்னே நடக்கும் அன்புதான்.

அளவுகோலும் கண்ணாடியும்

வளர்ச்சிக் கோட்பாட்டை இரண்டு விதமாகக் கையாளலாம். ஒன்று அளவுகோலாக, மற்றொன்று கண்ணாடியாக.

அளவுகோலாகக் கொண்டவர் அதைப் பிறர் மீது வைத்துப் பார்க்கிறார். ‘இவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை’, ‘அவள் இளமைப் பருவத்திலேயே நின்றுவிட்டாள்’ என்று தீர்ப்பு வழங்குகிறார். ஆன்மிகப் பாதையிலும் இந்த ஆபத்து உண்டு. சாதனையின் படிகளைப் பற்றிப் படித்தவர், சத்சங்கத்தில் அருகில் அமர்ந்திருப்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று எண்ணத் தொடங்கினால், அந்தக் கணமே தம் படியிலிருந்து ஒன்று இறங்கிவிடுகிறார்.

கண்ணாடியாகக் கொண்டவர் அதைத் தம் பக்கம் திருப்புகிறார். ‘இன்று எழுந்த என் கோபத்தின் அடியில் இருந்தது என்ன? நம்பிக்கையின்மையா, தாழ்வுணர்வா, பயனற்றவனாகிவிட்டேனோ என்ற அச்சமா?’ என்று கேட்கிறார். பிறரைப் பார்க்கும்போதோ, அதே அறிவு அவருக்குத் தீர்ப்பாக அன்றிப் பொறுமையாகப் பயன்படுகிறது. கண்ணாடி குறையைக் காட்டும். ஆனால் அது திட்டுவதில்லை. தன்னைப் பார்க்கும் பார்வையிலும் அந்த அமைதி வேண்டும். தவறிய கணத்தைக் கண்டுகொள்வதே, அடுத்த கணத்தில் தவறாதிருப்பதற்கான தொடக்கம்.

பயிற்சிக்குச் சில குறிப்புகள்

இம்மாதம் அன்பர்கள் கீழ்க்காணும் பயிற்சியை மேற்கொள்ளலாம்.

1. ஒவ்வோர் இரவும் அன்றைய நாளில் மனம் கலங்கிய ஒரே ஒரு நிகழ்ச்சியை இரண்டு வரிகளில் நாட்குறிப்பில் எழுதுக. காரணம் தேட வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுக.

2. வார இறுதியில் ஏழு குறிப்புகளையும் சேர்த்துப் படிக்குக. நம்பிக்கை, தன்னாட்சி, முன்முயற்சி, உழைப்பூக்கம், அடையாளம், நெருக்கம், பேணுதல், நிறைவு ஆகிய எட்டில் எது திரும்பத் திரும்பத் தொடப்படுகிறது என்று பார்க்குக.

3. வீட்டில் எந்த ஒருவர் மீது அடிக்கடி எரிச்சல் எழுகிறதோ, அவர் வாழ்வின் எந்தப் பருவத்தில், எந்தக் கேள்வியோடு நிற்கிறார் என்று ஒரு முறை அமைதியாக எண்ணுக. கண்டதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவரோடு பேசும் குரலில் அது தெரிந்தால் போதும்.

4. மறைத்துவைத்த உண்மை ஏதேனும் உறவில் இடைவெளியை உண்டாக்கியிருக்கிறதா என்று தன்னையே வினவுக. உரிய காலத்தில், உரிய அன்போடு அதைச் சொல்லும் துணிவைப் பிரார்த்தனையில் வேண்டுக.

அந்தச் சமையலறைக்கு மீண்டும் வரலாம். அன்றிரவு விடைத்தாள்களைத் திருத்தியபடி இருந்த ஆசிரியைக்குப் பல ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய அந்த விடை திடீரென்று நினைவுக்கு வந்தது. எழுந்து சென்று, தூங்கும் இளைய மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மறுநாள் மாலை இரண்டு பிள்ளைகளின் பாலையும் ஒரே அளவான இரு டவராக்களில் ஊற்றினாள். இளையவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே குடித்தான். பி.எட். தேர்வில் எழுதிய விடை அன்றுதான் முழுமை பெற்றது.